கால் டேங்கில் நின்ற முள்

"பம்ப்புதான். எங்க வேணும்னாலும் அடிச்சுச் சொல்வேன், இது பம்ப்பு..."

"கொஞ்சம் சும்மா இருங்க, காதுல விழுந்தாத்தானே..."

"காதுல விழறதுக்கு என்ன இருக்கு? இந்த வண்டியைப் பதினாலு வருஷம் நான் ஓட்டினேன். ஒரு பம்ப்பு மாத்தினேனா? உன் கைக்குச் சாவி வந்து ரெண்டு வருஷம். ரெண்டு பம்ப்பு!"

"ஒண்ணுதாங்க மாத்தியிருக்கு."

"இது ரெண்டாவது."

"இது பம்ப்புன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேனே! இவ்வளவு நேரமா வேற என்ன சொல்லிட்டிருக்கேன்?"

"நீங்க சொல்லிட்டே இருக்கிறதாலதான் வண்டி சொல்றது கேக்க மாட்டேங்குது."

சாலையோரத்துச் சரளையில் பிக்கப் வண்டி மூக்கைக் கொஞ்சம் பள்ளத்துப் பக்கம் சாய்த்து நின்றிருந்தது. மணி பத்தரை. முன்னால் இருபதடி தள்ளி ஒரு பேருந்து நிழற்குடை. அதைத் தவிர ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவள். பக்கத்து இருக்கையில் கணவர். அவர் எப்போது அங்கே உட்கார்ந்தாலும் முதல் வேலையாக நடுக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வார். அவள் திருப்பி வைப்பாள். அடுத்த வளைவில் கண்ணாடி மறுபடியும் அவர் பக்கம் போயிருக்கும். ஓட்டுவது யார் என்பதில் அந்தக் கண்ணாடிக்கே இரண்டு வருஷமாகக் குழப்பம்.

பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே இருபத்து நான்கு அட்டைப் பெட்டிகள். பெட்டிக்கு நூறு. நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சுகள். இரண்டாயிரத்து நானூறு குஞ்சுகளும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

அவள் கேட்க வேண்டியிருந்ததோ வெறும் இரண்டு விநாடிச் சத்தம். சாவியை ஒரு திருப்புத் திருப்பினால், என்ஜின் கிளம்புவதற்கு முன்னால், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் 'ம்ம்ம்' என்று இரண்டு விநாடி முனகிவிட்டு அடங்கும். முனகினால் உயிர் இருக்கிறது. முனகாவிட்டால் பம்ப் போயிருக்க வேண்டும், அல்லது அதற்குக் கரண்டு போகவில்லை. தினமும் விடிகாலையில் அந்த முனகலைக் கேட்ட பிறகுதான் அவள் வண்டியைக் கிளப்புவாள். இன்று அந்த இரண்டு விநாடி கிடைக்க மாட்டேன் என்றது. குஞ்சுகள் ஓய்ந்தால் இவர் பேசினார். இவர் மூச்சு வாங்க நிறுத்தினால் ஒரு லாரி போனது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. காலையில் குஞ்சு பொரிப்பகத்து முற்றத்தில் பெட்டிகளை ஏற்றும்போதே வண்டி இரண்டு தடவை விக்கியது. பொரிப்பகத்தை நடத்துகிற நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"மறுபடியும் பம்ப்பா?"

"இல்லக்கா, காலைக் குளிர்" என்றாள் இவள்.

"பம்ப்புதான், எழுதி வச்சுக்கோ" என்றார் அவர்.

"எனக்கு எழுதவும் தெரியாது, வைக்கவும் தெரியாது" என்றாள் நாத்தனார். "ஏழு மாசத்துல ரெண்டு பம்ப்பு போகுதுன்னா ஓட்டுறதுலதான் கோளாறு. இன்னைக்கும் பம்ப்புன்னா நாளையிலேருந்து தம்பி ஓட்டட்டும். அவன் முழங்கால்தான் சரியாயிடுச்சே. நீ என்கூட உள்ள பெட்டி அடுக்க வந்துடு. மனசுல வச்சுக்காத, குஞ்சு வழியில நின்னா எனக்குத்தான் தலைகுனிவு."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டால் வைத்துக்கொள்ளாமல் இருந்துவிட முடியுமா! நாற்பத்தேழாவது வயதில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல. இவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வண்டி ஆறு வாரம் வாசலிலேயே கிடந்ததால். கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, காலை நாலரைக்கு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒரு மனுஷி தன் பாட்டுக்கு எழுபது கிலோமீட்டர் போகலாம் என்பது. ஸ்டீயரிங் எட்டுவதற்காகத் தானே தைத்த மெத்தை அவள் இருக்கையில் கிடந்தது. வழியில் இருக்கிற ஒன்பது பண்ணைக்காரர்களும் இப்போது அவளுக்குத்தான் போன் செய்து "எப்ப வருவீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தச் சாவி போனால், திரும்பவும் ஜன்னல் இல்லாத அறையில் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

ஆகவே வண்டியில் எது கெட்டிருந்தாலும் சரி, பம்ப் மட்டும் கெட்டிருக்கக் கூடாது.

"பம்ப்புக்குக் கரண்டை விடுற ரிலேயா இருக்கும்" என்றாள்.

"ரிலேயாம்!"

"ஃபியூஸ்கூட..."

"ஃபியூஸ் போனா ஒரேயடியாப் போகும். இப்படி விக்கி விக்கிச் சாகாது. இறங்கு, காட்டுறேன்."

அவர் இறங்கி, ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை ஒரு பக்கமாக நீட்டிக் குனிந்து, டேங்கின் அடிவயிற்றில் நாலு போடு போட்டார்.

"ஐயோ, ஓட்டை விழப்போகுது!"

"நீ ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினாள். என்ன வேதனை என்றால், வண்டி கிளம்பிவிட்டது. நாற்பதடி போய், நிழற்குடையைத் தாண்டி, மறுபடியும் விக்கி நின்றது.

அவர் நடந்து வந்து சேரும் வரை கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்தவன் முகம் அது.

"பாத்தியா? தட்டினா ஓடுது. ஓடி ஓடித் தேஞ்ச பம்ப்புதான் தட்டினா ஓடும்."

"லூஸ் கனெக்ஷனும் தட்டினா ஓடும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில்!"

"நீங்க எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்றீங்களே, அதுக்கு இது தேவலை."

அவர் கோபித்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய் நின்றார். கோபித்துக்கொள்ளும்போது அவர் பேச மாட்டார். அது அவளுக்கு எப்போதுமே ஒரு வசதி. சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டுக்கு அடியில் ரிலே 'டிக்' என்றது. பளிச்சென்று கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. முனகல் இல்லை. இன்னொரு தடவை. 'டிக்'. ஒன்றுமில்லை. ரிலேக்கு ஒரு குறையும் இல்லை. பம்ப்தான் வாயைத் திறக்கவில்லை.

அவள் கை சாவியிலேயே இருந்தது. இவ்வளவு சுத்தமாகக் கேட்டுவிட்டதே என்று நொந்துகொண்டாள்.

இவ்வளவு சுத்தமாக எப்படிக் கேட்டது?

கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் ஓடினாள். குஞ்சுகள் குளிரில் கத்தும், பசியில் கத்தும், காரணமே இல்லாமலும் கத்தும். சூடு தாங்காதபோது மட்டும் கத்தாது. தார்ப்பாயைத் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. மேல்பெட்டியின் மூடியைத் திறந்தால், நூறும் அலகைப் பிளந்து, இறக்கையை விரித்து, கழுத்தை நீட்டி மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

"என்னங்க! ஓடி வாங்க! குஞ்சு!"

அவர் ஓடித்தான் வந்தார். அந்த முழங்காலோடு அப்படி ஓடுவார் என்று அவள் நினைக்கவில்லை. இருவரும் பேசாமல், பத்து நிமிஷத்தில், இருபத்து நான்கு பெட்டிகளையும் நிழற்குடைக்குள் சேர்த்தார்கள். சிமெண்ட் பெஞ்சு மேல் எட்டு, கீழே தரையில் பதினாறு, காற்றுப் போக இடைவெளி விட்டு. அவள் மூடிகளைத் திறந்து வைத்து, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து விசிறினாள். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஒரு பெட்டியில் ஒரே ஒரு கீச். பிறகு பக்கத்துப் பெட்டி. பிறகு எல்லாம். மூன்று குஞ்சுகள் மட்டும் எழவில்லை. மூன்றையும் அவள் ஒரு காகிதத்தில் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மூணு" என்றாள்.

"நல்லவேளை" என்றார் அவர். பிறகு, பொறுக்க மாட்டாமல், "சாவி திருப்பினியே, கேட்டுதா?"

அங்கே அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். குஞ்சுச் சத்தத்தில் எங்கே கேட்டது என்று சொன்னால் யார் கண்டது? ஆனால் வாய் அப்படிப் பழகவில்லை.

"ரிலே டிக்குன்னுச்சு. பம்ப்பு ஓடல."

"ஆங்!"

"ஆங்குன்னா?"

"ஒண்ணுமில்ல. ஆங்."

மெக்கானிக்குக்கு அவள்தான் போன் செய்தாள். அவனை எல்லோரும் டெஸ்டர் என்பார்கள். காதுக்குப் பின்னால் பென்சில் மாதிரி ஒரு டெஸ்ட் லைட்டைச் செருகியே வைத்திருப்பான். சாப்பிடும்போதும் அது காதில்தான் இருக்கும். முக்கால் மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். முன்னால் கருவிப் பெட்டி, பின்னால் இரண்டு காலி கேன், பைக்குள் ஒரு புதுப் பம்ப்.

"பம்ப்பைக் கையோட கொண்டுவந்துட்டே பாரு! உனக்கே தெரிஞ்சிருக்கு" என்று வரவேற்றார் கணவர்.

"அக்கா போன்ல, ரிலே தட்டுது, பம்ப்பு சத்தம் இல்லன்னாங்க. இருக்கட்டுமேன்னு எடுத்தேன். இன்னும் ஒண்ணும் முடிவில்லண்ணே."

"முடிவு நான் சொல்றேன்..."

"நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். வண்டி சொல்றதையும் ஒரு தடவை கேட்டுடறேன்."

அவளுக்கு அவனை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. டெஸ்டர் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான், நன்றாக இருந்தது. ஹாரன் ரிலேயை எடுத்துப் பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகிப் பார்த்தான். அதே 'டிக்', அதே மௌனம். வண்டிக்கடியில் படுத்து, டேங்குக்குப் போகிற வயரைக் கழற்றி, காதிலிருந்த லைட்டை அதில் வைத்தான்.

"அக்கா, சாவி போடுங்க."

போட்டாள். எரியக்கூடாது, எரியக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டாள்.

"எரியுது" என்றது வண்டிக்கடியிலிருந்து குரல். "கரண்டு வருது, எர்த்தும் இருக்கு. பம்ப்புதான் போயிருக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அக்காவை அழைத்துவிட்டார்.

"ஆமாக்கா, பம்ப்புதான்... டெஸ்டரே சொல்லிட்டான்... நான் சொல்லல? மூணு குஞ்சு... ஆமா, மூணுதான்... சரிக்கா. நாளையிலேருந்து நானே ஓட்டிடறேன். அவளும் பாவம் எத்தனை நாளைக்குத்தான் கஷ்டப்படுவா!"

"நான் கஷ்டப்படறேன்னு எப்பங்க சொன்னேன்?" என்றாள் அவள்.

"உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகப் பேசுறதா இருந்தா என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசுங்க."

"பம்ப்புப் போனது உண்மையா இல்லையா?"

அவள் போய் விசிற ஆரம்பித்தாள். குஞ்சுகளுக்கு விசிறல் தேவைப்படாத நேரத்தில்.

"அக்கா, டேங்குல எவ்வளவு கிடக்கும்?" டெஸ்டர் கேட்டான். "கழற்றதுக்கு முன்னால வடிக்கணும்."

"முள்ளு கால்ல நிக்குது. ஐம்பது லிட்டர் டேங்க். பன்னிரண்டாவது இருக்கும்."

அவன் தானும் ஒரு தடவை எட்டிப்பார்த்தான். "ஆமா, கால் டேங்க் காட்டுது." கணவரும் மறுபக்க ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகு டெஸ்டர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கேனை வைத்து, குழாயைச் செருகி வடித்தான்.

பெட்ரோல் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு நூலாக வந்தது. பிறகு நின்றது. கேனை ஆட்டிப் பார்த்தான். அடியில் சளசளத்தது.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணரை லிட்டர்தான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"இதுல நல்லாப் பாக்க என்னக்கா இருக்கு?"

"பாத்தியா!" என்று குதித்தார் கணவர். "முள்ளைப் படிக்கவே தெரியல! இதைத்தான் நான்..."

"அண்ணே, முள்ளு கால்லதான் இருந்துச்சு. நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க."

அவர் விடவில்லை. "அப்பத் திருட்டு. ராத்திரி வாசல்ல நிறுத்துறோமே, எவனோ உறிஞ்சிட்டான்."

"திருடினா முள்ளும் கூடவே இறங்கியிருக்குமே."

"அப்ப ஓட்டை."

"ஓட்டை விழுந்தாலும் முள்ளு இறங்கும்ணே."

"எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும்யா, நீ பாரு!"

டெஸ்டர் ஜாக்கிக்கு மேல் பலகை வைத்து, டேங்கைத் தாங்கியிருந்த இரண்டு பட்டைகளையும் கழற்றி, மெதுவாக இறக்கி வெளியே இழுத்தான். ஒற்றைக் கையால் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய் வைத்தான். மேல்மூடியைத் திருகி, உள்ளே இருந்ததை மொத்தமாக வெளியே எடுத்தான்: நடுவில் பம்ப், அடியில் வடிகட்டி, பக்கவாட்டில் நீண்ட கம்பி, கம்பியின் நுனியில் மிதவை. பெட்ரோல் குறையக் குறைய அந்த மிதவை கீழே இறங்க வேண்டும்; அது இறங்கினால் முள் இறங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

டெஸ்டர் மிதவையைக் கீழே தள்ளிப் பார்த்தான். முக்கால் தூரம் வந்து நின்றது. இன்னொரு தடவை தள்ளினான். நின்றது. கம்பியைச் சுற்றி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டை, வயரைக் கட்டுவார்களே, அந்த மாதிரி, பக்கத்துக் குழாயோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டியிருந்தது. கன்றுக்குட்டியைக் கட்டின மாதிரி. மேலே போக விடும். கீழே ஒரு அளவுக்கு மேல் விடாது.

"அண்ணே" என்றான் டெஸ்டர், அந்த டையைத்தான் பார்த்துக்கொண்டு. "இது கம்பெனி போட்டது இல்ல."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் பழைய பம்ப் மாற்றின நாள் அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்த பம்ப், தன் ஆயுள் முடிந்து போயிருந்தது. டெஸ்டரைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னதற்கு, "இதுக்கெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூன்று மணி நேரம் மல்லாடினார் இவர்.

"நீங்கதானே மாத்தினீங்க?" என்றாள்.

"அது... அந்தக் கம்பி துள்ளிக்கிட்டே இருந்துச்சு. உள்ள விடவே முடியல. இடிச்சுது. அதனால சும்மா ஒரு கட்டுக் கட்டி..."

"கட்டி?"

"உள்ள போனப்புறம் வெட்டி விட்டுடலாம்னு நெனச்சேன்."

"உள்ள போனப்புறம் எந்தக் கையால வெட்டுறதா இருந்தீங்க?"

டெஸ்டர் குனிந்து எதையோ தேடினான். அவன் தோள் குலுங்கியது.

"மறந்துட்டேன்" என்றார் அவர். "மூடியைத் திருகினதும் மறந்துட்டேன். அதுக்கென்ன இப்ப? பம்ப்புக்கும் மிதவைக்கும் என்ன சம்பந்தம்? பம்ப்பு எரிஞ்சது ஓட்டின விதத்துல."

"சம்பந்தம் இருக்குண்ணே" என்றான் டெஸ்டர் எழுந்து. "பம்ப்பு பெட்ரோல்ல முங்கி இருக்கிற வரைக்கும் குளிர்ச்சியா இருக்கும். டேங்க் காலியானா காத்தை உறிஞ்சும். சூடாகும். கருகும். இதோ பாருங்க, எப்படி நிறம் மாறியிருக்கு! இது பல நாளா அடிமட்டத்துல ஓடியிருக்கு. முள்ளு கால்ல நின்னா ஓட்டுறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன்" என்றாள் அவள். "மூணு தடவை சொன்னேன். முள்ளு கால்ல வந்து மாடு மாதிரி படுத்துக்குது, எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னு சொன்னேன். என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"கீழ வர வர மெதுவாத்தான் வரும், பதினாலு வருஷம் நான் பாத்த முள்ளுன்னீங்க. ஏத்தத்துல வண்டி விக்குதுன்னேன். கியர் மாத்தத் தெரியலைன்னீங்க. கால் டேங்க்லயே போட்டுக்கலாமான்னு கேட்டேன். வேணாம், வெறுங்கனத்தைச் சுமக்காதே, சிவப்புக் கோட்டைத் தொடட்டும், அப்பப் போடுன்னீங்க. எப்படிங்க தொடும்? அதைத்தான் நீங்க கட்டிப்போட்டுட்டீங்களே! ஏத்தத்துல விக்குறப்பல்லாம், எதுக்கும் இருக்கட்டும்னு நானா ஓடிப்போய்ப் போட்டேன். இல்லாட்டி இது எப்பவோ நடுவழியில நின்னிருக்கும்."

"டையை எடுத்துக் குடுத்தது யாரு?" என்றார் அவர் திடீரென்று.

"என்னது?"

"அன்னைக்கு, நான் கேட்டதும் டப்பாவிலேருந்து எடுத்துக் குடுத்தது நீதானே? டார்ச்சும் நீதானே புடிச்சே? பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

இந்த மனிதரோடு இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியும், அவர் தப்பிக்க ஒரு புதுச் சந்து கண்டுபிடிக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் வருவது ஆச்சரியம்தான். கோபம் அதற்குப் பின்னால்தான் வரும்.

"கத்தி கேட்டாலும் எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றாள் கடைசியில். "அதுக்காக எங்க குத்தினாலும் நான்தான் பொறுப்பா?"

"அக்கா, கொஞ்சம் விசிறுங்க, அந்த ஓரத்துப் பெட்டியில சத்தம் கம்மியாகுது" என்று டெஸ்டர் நடுவே புகுந்தான். குஞ்சுகள் நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தன.

அவன் டையை வெட்டிக் கீழே போட்டான். அடுத்து அவன் திரும்பிப் பார்த்தபோது டை அங்கே இல்லை; கணவரின் சட்டைப்பை கொஞ்சம் புடைத்திருந்தது. டெஸ்டர் பார்த்தான், அவளும் பார்த்தாள், இருவரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் வேலை அதன் பாட்டுக்கு நடந்தது. டேங்கைத் துடைத்து, வடிகட்டியை மாற்றி, புதுப் பம்பைப் பொருத்தி, மிதவையை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை ஆட்டிப் பார்த்து, மூடியைத் திருகினான். கணவர் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு யோசனை சொன்னார். "அதை ரொம்ப இறுக்காதே." "சரிண்ணே." "ரொம்பத் தளர்வா விடாதே." "சரிண்ணே." "நடுவா." "சரிண்ணே." டேங்க் ஏறினதும் டெஸ்டர் ஸ்கூட்டரில் போய் இரண்டு கேன் நிறையப் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினான். பேட்டரியை இணைத்தான்.

"போடுங்கக்கா."

அவள் மெத்தையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். நிழற்குடையிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் கீச்சுகள். இருந்தாலும் இருக்கைக்குப் பின்னாலிருந்து முதுகுத்தண்டு வழியாக அது வந்து சேர்ந்தது. பம்ப் முனகிற்று. முள் மெல்ல எழுந்து, காலைத் தாண்டி, பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. அடுத்த திருப்பில் என்ஜின் எடுத்துக்கொண்டது.

"ஓடுது!" என்றார் கணவர், தானே செய்த மாதிரி.

பெட்டிகளை ஏற்றினார்கள். இந்தத் தடவை தார்ப்பாயின் இரண்டு பக்கத்தையும் காற்றுப் போகச் சுருட்டிக் கட்டச் சொன்னாள். டெஸ்டர் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கணவரின் போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்துவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் ஓட்டுநர் பக்கப் படியில் ஒரு காலை வைத்துக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்ன தம்பி, கிளம்பினீங்களா? பண்ணைக்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு."

"கிளம்பிட்டோம்க்கா. சரியாயிடுச்சு."

"என்னவாம்? டெஸ்டர் என்ன சொன்னான்?"

டெஸ்டர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரமாக ஒரே ஸ்பானரை.

"அது ஒண்ணுமில்லக்கா" என்றார் கணவர். இருமினார். "பம்ப்புதான். உள்ள மீட்டர்ல ஏதோ சின்ன சிக்கல். முள்ளு தப்பாக் காட்டியிருக்கு."

"முள்ளு எதுக்குத் தப்பாக் காட்டுது? யாரு கை வச்சது?"

"யாரும் கை வைக்கல. பழைய வண்டிதானே. இதுல யாரு மேலயும் தப்பில்லக்கா."

"யாரு மேலயும் தப்பில்லையா? நீதானே மத்தியானம் போன் பண்ணி..."

"அதை விடுக்கா. சிக்னல் சரியில்ல."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றி நடந்து, பக்கத்துக் கதவைத் திறந்து, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்தார். வழக்கம்போல அவர் கை கண்ணாடிப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. கீழே இறங்கி மடியில் கிடந்தது. அவள் இன்னும் ஏறவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் கத்தின.

"ஏறு, நேரமாகுது" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"ஏறறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுல யாரு மேலயும் தப்பில்லன்னா, காலையிலேருந்து என் மேல ஏத்தி வச்சிருந்தீங்களே, அதை இறக்கி எங்க வச்சீங்க?"